வண்டூர் மணல்

"இதுதான் மேடம் உங்க வாரண்டி" என்று சொல்லி, ஸ்ரீதர் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான்.

பொட்டலத்தில் மணல் இருந்தது. ஒரு கைப்பிடிகூட இல்லை. நகைக்கடைக்காரன் வைரத்தைக் காட்டுவது மாதிரி இரண்டு விரலால் அதை நகர்த்தி ஆக்சிலியாவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"உங்க கார் ஏர் ஃபில்டர்ல இருந்து எடுத்தது. வயரிங் பூரா உப்பு. காரைக் கடலுக்குள்ள ஓட்டியிருக்கீங்க. கஸ்டமர் பண்ண தப்புக்குக் கம்பெனி பொறுப்பு கிடையாது. சாரி."

அந்தச் 'சாரி'யைச் சொல்லும்போது அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோரல் கிங் மோட்டார்ஸில் ஸ்ரீதர் சர்வீஸ் மேலாளர். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவன். தீவுக்கு வந்து இத்தனை நாளில் ஷோரூம், வாடகை வீடு, விமான நிலையம் மூன்றைத் தவிர எதையும் பார்த்திருக்க மாட்டான் என்று பெரியதம்பிக்குத் தோன்றியது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, எதிரில் இருப்பவரை மடையனாக வைத்துப் பேசும் அந்த மெதுவான குரல். இப்படிப்பட்டவர்களைச் செய்வதற்கென்றே மெயின்லேண்டில் எங்கோ ஒரு தொழிற்சாலை இருக்க வேண்டும்.

பெரியதம்பி ஒரு காலத்தில் கப்பல் சரக்குச் சேதத்தை மதிப்பிடும் வேலையில் இருந்தவர். இப்போது அபர்டீன் பஜாரில் செருப்புக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறிந்துகொண்டிருந்தார். பெரும்பாலும் ஓடிப்போன கணவர்கள், ஓடிப்போக இருந்த கணவர்கள். ஒரு காருக்காக அவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஆக்சிலியா கூப்பிட்டாள்.

காரணம் இருந்தது. விமான நிலைய டாக்சி ஸ்டாண்டில் வண்டி போட்டிருந்த ஒரே பெண் அவள். புது வண்டி வாங்கி நாலு மாதம் ஓட்டினாள். ஐந்தாம் மாதம் அது பின்சீட்டில் பயணிகளோடு நடுரோட்டில் செத்தது. 'கடலில் விட்டிருக்கிறார்கள்' என்று ஷோரூம் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஸ்டாண்டில் இருந்த ஆண்பிள்ளைகளுக்குத் தீபாவளி வந்துவிட்டது. வீடியோ எடுக்கக் கடலுக்குள் இறக்கினாளாம். கொலுசு நனைய ஓட்டினாளாம். இன்று சாயங்காலம் சங்கம் கூடுகிறது. வண்டியைக் கடலில் விட்டவளை நம்பிப் பயணியை ஏற்ற முடியாது, அவள் இடத்தை எடுத்துவிட வேண்டும் என்பது தீர்மானம். வண்டி போனால் இன்னொன்றை வாடகைக்காவது எடுக்கலாம். அந்த இடம் போனால் திரும்ப வராது. அதை அவள் எப்படி வாங்கினாள் என்பது தனிக் கதை.

"நா மீன் பிடிக்கிறவன் மவ சார்" என்றாள் ஆக்சிலியா. "கடலுத்தண்ணி இரும்பத் திங்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்? நா என்னத்துக்கு வண்டிய அதுக்குள்ள விடணும்?"

"நீங்க விட்டீங்கன்னு நான் சொல்லவே இல்லையே மேடம்." ஸ்ரீதர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தான். "வீட்ல யாராவது எடுத்துட்டுப் போயிருக்கலாம். ஹஸ்பண்ட், பிரதர்... நல்லா விசாரிச்சுப் பாருங்க. ஃபேமிலி மேட்டர். நான் வெளிய பேச மாட்டேன்."

"எந்தப் பீச்சு சார்?" என்று கேட்டாள் ஷெர்லின். பெரியதம்பியின் உதவியாள். வயது இருபத்தாறு, வாய்க்கு மட்டும் அறுபது.

"வண்டூர்."

"அரே வாஹ்! வண்டூர்ல முதலைக்குப் பயந்து வலை கட்டி வச்சிருக்கான். மனுசனே வலைக்குள்ளதான் முங்கி எழும்பணும். இவங்க காடி மட்டும் முதலைகூட நீச்சல் போட்டுச்சா?"

"வலைக்கு இந்தப் பக்கம் ஓட்டியிருப்பாங்க."

"மணலப் பாத்தே எந்தப் பீச்சுன்னு சொல்லிருவீங்களா சார்?" பெரியதம்பி கண்ணை அகலமாக்கிக்கொண்டு கேட்டார். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவியாக முகத்தை வைத்துக்கொள்வது அவருக்குக் கங்காணிகளின் காலத்திலிருந்து குடும்பச் சொத்து.

"எங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு சார். கலர், சைஸ் எல்லாம் மேட்ச் பண்ணித்தான் சொல்றோம். இது ஹண்ட்ரட் பர்சென்ட் வண்டூர்."

"எனக்கு இதெல்லாம் வெளங்காது. ஆனா ஒண்ணு சார். நாளைக்கு எங்க ஆளுங்க பேச்சு மாத்த ஏலாது பாருங்க. பொட்டலத்து மேலயே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுருங்களேன்."

மடையர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஸ்ரீதர் மார்க்கரை எடுத்து 'வண்டூர் பீச்' என்று எழுதி, வாலும் கொம்பும் வைத்துக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு அதன் அழகைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைப் பெரியதம்பியிடமே கொடுத்தான்.

"ரிப்போர்ட் இன்னைக்கு ஈவினிங் கம்பெனிக்குப் போயிடும். அதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

"கடவுள் பஸ்ஸுலதான் வருவாரு. உங்ககிட்ட வண்டி வாங்கியிருந்தார்னா" என்றாள் ஷெர்லின்.

வண்டியைப் பார்க்க வேண்டும் என்று பெரியதம்பி கேட்டார். தாராளமாகப் பாருங்கள் என்றான் ஸ்ரீதர். செத்தவனின் முகத்தைப் பார்க்க யாருக்குத்தான் தடை?

ஷோரூமின் முன்பக்கம் கண்ணாடியும் பளபளப்புமாக இருந்தது. பின்பக்கம் போனால் அதே கட்டடமா என்று சந்தேகம் வரும். எண்ணெய் ஊறிய தரை, உடைந்த பம்பர்கள், கழுவாத டீ கிளாஸ்கள். ஓரத்தில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தீவில் நினைத்த கடற்கரைக்குப் போய் மணலை அள்ளி வந்து வீடு கட்டிவிட முடியாது. கோரல் கிங் தன் மணலை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் இறக்கியிருந்தது. மூட்டைகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து கிடந்தது. பெரியதம்பி அதன் அருகில் நின்று கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றார்.

ஆக்சிலியாவின் வெள்ளைக் கார் பானெட் திறந்தபடி நின்றது.

"என்னண்ணே, பெத்த புள்ளயப் பிரேத அறையில பாக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அவள். அழவில்லை. கோபம் அவளுக்கு அழுகையைவிடப் பக்கத்தில் இருந்தது.

பெரியதம்பி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, காலடியில் ஒட்டியிருந்த விரிப்பை ஒரு மூலையில் உரித்தார். தடிமனான ஒயர் கட்டு ஒன்று முன்னாலிருந்து பின்னால் வரை ஓடியது. இணைப்புகளில் பச்சைப் பசேலென்று களிம்பு ஏறியிருந்தது. உப்புத் தண்ணீர் குடித்த செம்பு. அந்த விஷயத்தில் ஸ்ரீதர் பொய் சொல்லவில்லை. கட்டோடு கட்டாக ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கறுப்பு ஒயரும் போயிற்று. அது சேரும் இடத்தில் டேப்பைப் பிரித்துப் பார்த்தார்.

"இது என்னா ஒயரும்மா?"

"ரிவர்ஸ் கேமராவுக்கு உள்ளது. வண்டி எடுத்த அன்னைக்கே போட்டது."

"ம்" என்றார். டேப்பைத் திரும்பச் சுற்றினார். விரிப்பைப் பழையபடி அமுக்கி வைத்தார்.

அதற்குள் ஷெர்லின் முற்றத்தின் கோடியில் ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இங்க வாங்க. குடும்பத்தோட கடலுக்குப் போயிருக்காங்க."

தார்ப்பாய்க்குக் கீழே மூன்று கார்கள் நின்றன. அதே மாடல், அதே வெள்ளை. மூன்றும் பானெட் திறந்து, ஒயர் பிதுங்கி, டாக்டரிடம் வாயைக் காட்டும் பிள்ளைகள் மாதிரி நின்றன. மூன்றிலும் நம்பர் பலகை இருந்தது, விற்றுப்போன வண்டிகள்.

"ஷெர்லின், உன் ஸ்கூட்டில பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு. ஏன், நாமளும் கடலுக்குள்ள விடப் போறோமா?"

"வண்டூருக்குப் போ. ஒரு பிடி மணல் அள்ளிட்டு வா. வலைக்கு இந்தப் பக்கமா அள்ளு."

"அந்தப் பக்கம் அள்ளினா?"

"மிச்சக் கையோட வேலைக்கு வா."

அவள் போனாள். பெரியதம்பி ஆக்சிலியாவைக் கூட்டிக்கொண்டு முன்பக்கம் வந்து, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் சோபாவில் உட்கார்ந்தார். சுவரில் ஒரு குடும்பம் காருக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண், ஒரு பையன், ஒரு நாய். அத்தனை பேருக்கும் ஒரே பல். கீழே, 'உங்கள் மகிழ்ச்சியே எங்கள் உத்தரவாதம்.'

எதிர் சோபாவில் ஓர் அம்மாள் இருந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கை. காலையிலிருந்து அங்கேயே இருக்கிறார் என்பது பக்கத்தில் சேர்ந்திருந்த காபிக் கோப்பைகளிலிருந்து தெரிந்தது. ஷோரூம் காபியை இத்தனை குடித்தவர் வாழ்க்கையில் வேறெதையும் தாங்குவார்.

"உங்க வண்டியும் வெள்ளையாங்க?" என்று கேட்டார் பெரியதம்பி.

அம்மாள் திடுக்கிட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பின்னால படுத்துக் கெடக்கே."

அவர் பெயர் உமா மகேஸ்வரி. சௌல்தாரியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குமேல் வாயைத் திறக்க மறுத்தார். வண்டிக்கு என்ன என்றால் "சின்ன ரிப்பேர்". யார் ஓட்டுவது என்றால் "வீட்டில்". கூரையைப் பார்த்தார், நாயின் பல்லைப் பார்த்தார். தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாணவியின் முகம் அது. ஆயுசு முழுக்க அந்த முகத்தை எதிரிலிருந்து பார்த்தவருக்கு, தன் முகம் அப்படி ஆகும் என்று தெரிந்திருக்காது.

பெரியதம்பி சுற்றிவளைக்கவில்லை. "உங்க வீட்டுல யாரு எந்தப் பீச்சுக்கு எடுத்துட்டுப் போனதாச் சொன்னாரு ஸ்ரீதர்?"

உமா மகேஸ்வரியின் கை கைப்பையை இறுக்கியது.

"அவர் வெளியில சொல்ல மாட்டேன்னு சொன்னாரே..."

"எங்ககிட்டயும் அப்படித்தாம்மா சொன்னாரு" என்றாள் ஆக்சிலியா. "எம் புருசன், எந் தம்பி, ரெண்டு பேரு மேலயும் சாடையாச் சொன்னாரு. நா நம்பல."

"நான் நம்பினேன்." அம்மாள் மெதுவாகச் சொன்னார். "என் பையன் கொஞ்சம் விளையாட்டுப்பிள்ளை. அந்த அறையில கதவைச் சாத்தி வச்சுக்கிட்டு, 'உங்க மகனா இருக்கும், நல்லா விசாரிங்க'ன்னார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சத்தியம் பண்ணினான். சத்தியம் வேற பண்றியான்னு சத்தம் போட்டேன். பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். இப்ப போன் போட்டா எடுக்கறதில்லை."

பெரியதம்பிக்கு ஸ்ரீதர்மேல் அதுவரை இருந்தது வெறும் அலட்சியம்தான். ஈயை விரட்டுகிற அலட்சியம். இப்போது அது கொஞ்சம் கெட்டிப்பட்டது. நல்ல தந்திரம். எந்த வீட்டிலும் சந்தேகப்பட ஒரு ஆள் இருப்பான். குடிக்கிற புருஷன், ஊர் சுற்றுகிற தம்பி, விளையாட்டுப்பிள்ளை. அவன் தலையில் கட்டிவிட்டால் போதும். வீட்டு மானம் போகுமே என்று வாடிக்கையாளரே வாயைத் தைத்துக்கொள்வார். ஒருவர் இன்னொருவரிடம் பேச மாட்டார். கார் ஒரு பக்கம் அழுகும். குடும்பம் இன்னொரு பக்கம் அழுகும். காபி மட்டும் இலவசம்.

அம்மாளையும் அவரால் முழுக்க மன்னிக்க முடியவில்லை. பெற்ற பிள்ளையின் சத்தியத்தைவிடக் கழுத்தில் அட்டை தொங்கியவனின் கிசுகிசு பெரிதாகப் போயிற்று.

"பொட்டலம் குடுத்தாரா?"

உமா மகேஸ்வரி கைப்பையைத் திறந்தார். மகனிடம் காட்டச் சொல்லி ஸ்ரீதர் கொடுத்ததாம். அதே அளவு பிளாஸ்டிக், அதே மார்க்கர், அதே வாலும் கொம்பும். எழுதியிருந்தது மட்டும் வேறு: 'சிடியாடாப்பு பீச்.'

பெரியதம்பி இரண்டு பொட்டலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தீவின் இரண்டு வேறு கோடிகளில் இருந்து வந்த மணல், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தது.

ஷெர்லின் ஹெல்மெட்டைச் சட்டி மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். தலையில் காற்றடித்துக் கலைந்த முடி, ஹெல்மெட்டுக்குள் வண்டூர்.

"ஹெல்மெட் போடலன்னு போலீஸ் புடிச்சான். உள்ள மண்ணு இருக்கு சார்னேன். தலைக்குள்ளயான்னு கேக்கிறான், சாலா."

"போய் டாய்லெட்ல ஆசிட் பாட்டில் இருக்கும். எடுத்துட்டு வா. அப்படியே மேலாளரையும் கூப்பிடு. ரூமுக்கு வேணாம். இங்கயே வரட்டும்."

ஸ்ரீதர் வந்தான். சோபாவில் ஆக்சிலியாவும் உமா மகேஸ்வரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவன் நடை ஒரு அடி தவறியது.

"வாங்க சார், கேபின்ல பேசலாமே..."

"இங்க காத்து நல்லா வருது" என்றார் பெரியதம்பி.

மேஜையில் மூன்று கண்ணாடி டம்ளர்கள். முதலாவதில் ஷெர்லினின் வண்டூர் மணல். அடுத்ததில் ஆக்சிலியாவின் பொட்டலம். மூன்றாவதில் அம்மாளின் பொட்டலம். கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பெரியதம்பி முதல் டம்ளரில் கொஞ்சம் ஊற்றினார்.

மணல் சீறியது. சோடா பாட்டில் உடைத்த மாதிரி நுரை பொங்கி விளிம்புக்கு ஏறி மேஜையில் வழிந்தது. கார் பார்க்க வந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது டம்ளரில் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதிலும் ஊற்றினார். நனைந்த மணல் நனைந்த மணலாகவே கிடந்தது.

"இந்த ஊரு பீச்சுல கெடக்கிறது பாதிக்கு மேல பவளமும் சிப்பியும் பொடிஞ்சது சார்" என்றார் பெரியதம்பி. "வெத்தலைக்குப் போடுறமே சுண்ணாம்பு, அதோட பங்காளி. ஆசிட் பட்டாப் பொங்கும். பொங்காதது உங்க ஊரு ஆத்து மணல். பின்னால மூட்டை வாய் தெறந்து கெடக்கு, பாத்தேன். தீவுல காரு விக்கிறீங்க, போர்டுல பவளம்னு பேரு வச்சிருக்கீங்க. ஒரு நாளு காலாற பீச்சுக்குப் போயிருந்தா இந்தத் தப்பப் பண்ணியிருக்க மாட்டீங்க."

"ஒரு மூட்டை, எத்தனை பீச்சு! டூரிஸ்ட் பேக்கேஜ் போட்டுட்டாரு அண்ணே" என்றாள் ஷெர்லின்.

ஸ்ரீதரின் முகத்தில் வேர்வை அரும்பியது. ஆனால் அவன் முழு மடையன் இல்லை. முக்கால்தான்.

"சரி. மணல்ல ஏதோ மிஸ்டேக் ஆயிருக்கலாம். ஒர்க்ஷாப் பசங்க மாத்தி எடுத்திருப்பாங்க. ஆனா உப்பு உப்புதானே? வயரிங் அரிச்சிருக்கா இல்லையா? அதுக்கு என்ன சொல்றீங்க?" குரல் மறுபடி நிமிர்ந்தது. "அதைவிடுங்க. மேடம் வண்டியில எக்ஸ்ட்ரா ஒயர் ஓடுது. கேமரா ஒயர். கம்பெனி ஒயரிங்கைத் தொட்டாலே வாரண்டி கேன்சல். அந்த ஒரு பாயிண்ட் போதும் சார் எனக்கு."

"அந்த ஒரு பாயிண்ட் எனக்கும் போதும்" என்றார் பெரியதம்பி. "யாரு போட்ட ஒயரு அது?"

ஸ்ரீதர் வாயைத் திறப்பதற்குள் ஆக்சிலியா சொன்னாள்.

"நீங்கதான் போட்டிய. வண்டி எடுத்த அன்னைக்கு, மால போட்டு, லட்டு குடுத்து, போட்டோ புடிச்சுப் பேஸ்புக்குல போட்டியள்லா? அதுக்கு முன்னால உங்க ஆளுதான் பின்னால இந்த முத்தத்துல வச்சு கேமரா மாட்டுனான். நா பக்கத்துலயே நின்னேன்."

"விரிப்ப உரிச்சுப் பாருங்க சார்" என்றார் பெரியதம்பி. "ரெண்டு ஒயரும் ஒரே பள்ளத்துலதான் ஓடுது. ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிச்சுக்கிட்டு. கம்பெனி ஒயரு பச்சையாக் களிம்பு புடிச்சிருக்கு. கேமரா ஒயரோட செம்பு புதுத் தாலி மாதிரி மின்னுது. அந்தம்மா வண்டிய வாங்கின பொறகு கடல்ல விட்டிருந்தா, தண்ணி ஒண்ண மட்டும் பாத்து நக்குமா? ரெண்டும் சேந்துதான் அழுகியிருக்கணும். கேமரா மாட்டறதுக்கு முன்னாலயே வண்டி கடலக் குடிச்சாச்சு. கப்பல்ல வரும்போது."

பெரியதம்பி டம்ளர்களை ஓரமாக நகர்த்தினார்.

"எத்தனை வண்டி சார் அந்தக் கப்பல்ல?"

ஸ்ரீதர் கூரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் முன்பு உமா மகேஸ்வரி பார்த்த அதே இடத்தை. "புயல்... டெக்ல வச்சிருந்தாங்க... அலை மேல வந்துடுச்சு. நாங்க கழுவிக் காயவச்சுட்டோம் சார். ஓடுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. சேதம்னு எழுதினா ஓனர் டீலர்ஷிப் போயிடும்னு..."

"அதனால எம் மகனைத் திருடனாக்கினீங்க" என்றார் உமா மகேஸ்வரி.

அவர் எழுந்து நின்றதும் ஸ்ரீதர் தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் போனான். "உங்க மெட்ராஸ் ஆபீசுக்கு இப்பவே போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. கப்பலைப் பத்திச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, முழுங்காம."

அவன் போட்டான். சொன்னான். மறுமுனையில் ஒரு குரல் முதலில் ஆங்கிலத்தில் அதட்டியது, பிறகு தமிழில் குழைந்தது, கடைசியில் நான்கு வண்டிகளையும் மாற்றித் தருவதாகச் சொன்னது. உமா மகேஸ்வரி அதையும் இரண்டு முறை சொல்ல வைத்தார். அப்புறம் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். மணி அடிப்பது இங்கே வரை கேட்டது. மகன் எடுக்கவில்லை. அவர் மறுபடியும் அழுத்தினார்.

ஸ்ரீதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆக்சிலியாவிடம் திரும்பினான். பழைய குரலில் பாதி திரும்பியிருந்தது. "மேடம், முடிஞ்சுது இல்ல? புது வண்டி வந்துடும். இதை இப்படியே விட்டுடலாம். ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன். கேபினுக்கு வாங்க, ஒரு காபி சாப்பிட்டுட்டே..."

"நீரு கேபினுக்குள்ள பேசுனதுதான சார் ஸ்டாண்டு வரைக்கும் நாறுது?" என்றாள் ஆக்சிலியா. மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது. "இங்க கிழிச்சா எனக்கு என்ன? ஸ்டாண்டுக்கு வந்து சொல்லணும். அத்தனை பேருக்கும் முன்னால. இந்தப் பொம்பள வண்டிய கடல்ல விடலன்னு."

"நான் எப்படி மேடம் அங்கெல்லாம்..."

"ஏன், வண்டூரு வரைக்கும் தெரிஞ்ச ஆளுக்கு விமான நிலையம் தெரியாதா?" என்றாள் ஷெர்லின்.

பெரியதம்பி மேஜையிலிருந்த காலிப் பொட்டலங்கள் இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்து வெளியே தெரியும்படி. ஸ்ரீதர் அதைப் பார்த்தான். பெருமூச்சுவிட்டு, வரவேற்பு மேஜையின் பின்னால் தொங்கிய சாவிகளில் ஒன்றை எடுத்தான்.

"சரி, வாங்க. டெமோ கார்ல போயிடலாம்."

ஆக்சிலியா நகரவில்லை. "அது எந்தக் கப்பலு?"

ஸ்ரீதர் சாவியைப் பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தான். பிறகு சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

டவுன் பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்த ஸ்ரீதரின் இஸ்திரிச் சட்டையில் யாரோ ஒரு கிழவர் மீன் கூடையைச் சாய்த்துக்கொண்டு தூங்கினார். பெரியதம்பி அதைச் சற்று ரசித்தார் என்றே சொல்ல வேண்டும்.

ஸ்டாண்டில் சங்கம் கூடியிருந்தது. மர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் செயலாளர் முத்துவீரன், சுற்றிலும் ஓட்டுநர்கள். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லா மொழிக்காரர்களும் இருந்தார்கள். வம்பு பேசுவதில் மட்டும் ஒரே இனம். ஆக்சிலியாவைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவன் தண்ணீரில் நீந்துவது மாதிரி கையை ஆட்டிக் காட்டினான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இவுக ஷோரூம் மேனேஜரு" என்றாள் ஆக்சிலியா. "ஒண்ணு சொல்லணுமாம்."

"சொல்லச் சொல்லு" என்றார் முத்துவீரன், நாற்காலியைவிட்டு எழாமல்.

எல்லோருக்கும் புரியும்படி இந்தியில் சொல்லச் சொன்னாள் ஷெர்லின். ஸ்ரீதருக்கு இந்தி வந்தது, குரல்தான் வரவில்லை. வண்டி கடலில் போகவில்லை என்று தன் காலணியிடம் சொன்னான்.

"ஜோர் ஸே போலோ!" சத்தமாகப் பேசு என்று பின்வரிசையிலிருந்து ஒரு வங்காளி கத்தினான். "ஒண்ணும் கேக்கல!" என்றான் இன்னொருவன். கூட்டம் நெருங்கி வட்டமாயிற்று. நீந்திக் காட்டியவன் கையைப் பையில் விட்டுக்கொண்டான்.

ஸ்ரீதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கப்பல், புயல் என்று தொடங்கினான். அதே நேரம் தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழ இறங்கிவந்தது. அவன் வாய் அசைவது தெரிந்தது. ஒரு எழுத்தும் கேட்கவில்லை. சொல்லி முடித்தவன், கடமை தீர்ந்த நிம்மதியோடு பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பினான்.

விமானம் தரையைத் தொட்டால் அந்த ஸ்டாண்டில் ஒருவனும் நிற்க மாட்டான். பயணிகளைப் பிடிக்க வாசலுக்கு ஓடுவார்கள். பெற்ற தகப்பன் வழியில் நின்றாலும் இடித்துத் தள்ளிவிட்டு ஓடுவார்கள். இன்று ஒருவனும் அசையவில்லை. முத்துவீரன் மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்து, அதை ஆக்சிலியாவின் பக்கம் நகர்த்தினார்.

அவள் உட்காரவில்லை. ஸ்ரீதரின் கையைப் பிடிக்கவும் இல்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை.

"பிளேனு சத்தம் அடங்கட்டும்" என்றாள். "சாரு எங்கயும் போவ மாட்டாரு."